இரை வைத்த கேமரா: கடலடி மீன்களை எண்ணும் வழி

நியூசிலாந்தில் ஆக்லாந்து நகருக்கு வடக்கே லீ என்ற சிற்றூரின் கரையில் அந்நாட்டின் முதல் கடல் காப்பகம் இருக்கிறது. 1975இல் அறிவிக்கப்பட்டபோது அது கரையோரமாக ஐந்து கிலோமீட்டர் நீளமும் கடலுக்குள் 800 மீட்டர் அகலமும் கொண்டிருந்தது. அங்கே தூண்டிலும் கூடாது, வலையும் கூடாது. காப்பகம் வந்த பிறகு உள்ளே மீன் பெருகியிருக்கிறதா என்று பார்க்க முக்குளிப்பவர்களை அனுப்பினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் காப்பகத்துக்குள் இருக்கும் ஸ்நாப்பர் மீன்கள் மனிதரிடம் பழகிவிட்டவை. ஆள் இறங்கியதும் அருகே வந்து சுற்றும். வெளியே இருப்பவை ஈட்டிக்கும் தூண்டிலுக்கும் தப்பிப் பிழைத்தவை. மூச்சுக் குமிழிச் சத்தம் கேட்டதுமே விலகிவிடும். உள்ளே எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும், வெளியே குறைவாகத் தெரியும். அதில் எவ்வளவு மீனின் பெருக்கம், எவ்வளவு மீனின் துணிச்சல் என்று பிரிக்க முடியாது. அளக்கப் போன ஆளே அளவைக் கெடுத்துவிடுகிறார்.

ட்ரெவர் வில்லிஸ், ரஸ் பாப்காக் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது. ஒரு முக்காலிச் சட்டகத்தில் கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தி, அடியில் இரை வைத்து, கடல் தரையில் அரை மணி நேரம் விட்டுவிட்டு எடுத்தார்கள். நீருக்குள் ஆள் இல்லை, குமிழி இல்லை. லீ உள்ளிட்ட மூன்று காப்பகங்களில் இப்படி எடுத்த பதிவுகளை வைத்து 2003இல் வெளிவந்த ஆய்வு, பிடிக்க அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிய ஸ்நாப்பர் காப்பகங்களுக்குள் வெளியைவிட 14 மடங்கு அடர்த்தியாக இருப்பதாகக் கண்டது. அதற்கு முன்பே, 1995இல், ஹவாயில் குஞ்சு மீன்களை எண்ண இதே வகை உத்தி பயன்பட்டிருந்தது. இன்று உலகம் முழுக்க இந்த முறையை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, 'பிரவ்' என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இது மிகவும் வளர்ந்து, களக் கையேடுகளோடு ஒரு தரமான நடைமுறையாகவே ஆகிவிட்டது. கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் அந்த நடைமுறையைச் சார்ந்தவை.

இந்த வீடியோ தரும் எண், கடலில் உள்ள மீன்களின் எண்ணிக்கை அல்ல. ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடும், ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடும் ஒப்பிட உதவும் குறியீடு அது. இரையின் எடை முதல் கேமராவின் கோணம் வரை எல்லாவற்றையும் இவ்வளவு கறாராக நிர்ணயிப்பது அந்த ஒப்பீடு செல்லுபடியாக வேண்டும் என்பதற்காகத்தான். ஒன்று மாறினாலும், மாறியது மீனா கருவியா என்று பிறகு சொல்லவே முடியாது.

சட்டகத்தில் பெரிய நுட்பம் இல்லை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாலோ அலுமினியத்தாலோ செய்த ஒரு கூண்டு, அடியில் எடைக்கட்டிகள், மேலே கயிறு, கயிற்றின் முனையில் போயா என்ற மிதவை. நீரோட்டம் வலுவான இடத்தில் எடையைக் கூட்ட வேண்டும். போதாவிட்டால் சட்டகம் சாய்ந்துவிடும். ஒரு மணி நேரப் பதிவு முழுக்க மணலோ மேற்பரப்பு வெளிச்சமோதான் இருக்கும். கயிற்றின் நீளம் ஆழத்தைவிட ஒன்றரை மடங்காவது வேண்டும், இல்லையென்றால் அலையும் நீரோட்டமும் போயாவை இழுக்க, சட்டகம் தரையில் உராய்ந்துகொண்டே நகரும். அதற்காக மிதக்கும் கயிறை அளவில்லாமல் விட்டால் அது படகின் விசிறியில் சிக்கும்.

கேமராவின் முன்னே 1.2 முதல் 1.5 மீட்டர் தொலைவில், ஒரு குழாய்க் கையின் நுனியில் இரை வைத்த பை தொங்கும். அதற்குள் எண்ணெய்ச் சத்துள்ள மீன், பெரும்பாலும் மத்தி, 800 கிராம் முதல் ஒரு கிலோ வரை. நம் தென்கரையில் சாளை என்று சொல்லும் மீனின் இனம்தான். முழு மீனாகப் போடாமல் நசுக்கிப் போட வேண்டும். மீனை வரவழைப்பது நீரில் கரைந்து பரவும் எண்ணெயும் உடல்நீரும்தான். முழு மீனிலிருந்து அவை மெதுவாகத்தான் கசியும். ஒவ்வொரு முறையும் பையைக் காலி செய்து புதிய இரை வைக்க வேண்டும். முதல் இறக்கத்தில் புது மீனும் மூன்றாவது இறக்கத்தில் வெளுத்துப்போன சக்கையும் இருந்தால், மூன்றாவது இடத்தில் மீன் குறைவு என்ற தவறான முடிவுதான் கிடைக்கும். பை துணியாக இருந்தால் பேத்தை, கிளாத்தி போன்ற மீன்கள் பத்து நிமிடத்தில் கிழித்துவிடும். ஆகவே கம்பி வலையோ கெட்டியான பிளாஸ்டிக் வலையோதான் உதவும். பெரிய சுறா ஒன்று வந்தால் கையோடு பிய்த்துக்கொண்டு போவதும் உண்டு. அப்போது இரை போன நிமிடத்தைக் குறித்துவைத்து, அதற்குப் பிந்தைய பதிவை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடலாம்.

இரை வைப்பதே மோசடி, வழக்கமாக வராத மீனையும் அது இழுத்துவிடுமே என்ற கேள்வி நியாயமானது. இழுக்கத்தான் செய்கிறது. களவா, விளைமீன், பாரை மீன், அஞ்சாலை, சுறா போன்ற ஊனுண்ணிகள் இரை வைத்த கேமராவில் கூடுதலாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் இரை வைத்தும் வைக்காமலும் செய்து பார்த்த ஒப்பீடு 2007இல் வெளிவந்தது. இரை வைத்ததால் பாசி மேயும் மீன்களின் எண்ணிக்கை குறையவில்லை என்று அது காட்டியது. கூட்டம் கூடுவதே வேறு மீன்களை வேடிக்கை பார்க்க இழுக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் பாறைப் பொந்தில் ஒளியும் சிறு மீன்களை இந்த முறை காட்டாது. கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கும் மத்தி ஒரு பொருட்டே அல்ல. அதை வானிலிருந்து எண்ணுவதே மேல். இரை வைத்த கேமரா எல்லாவற்றையும் பார்க்கும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் கடைசியில் ஏமாறுகிறார்கள்.

இறக்கும் நேரம் 60 நிமிடம் என்பது பொதுவழக்கு. அருகருகே இரண்டு சட்டகங்களை இறக்கினால் ஒரே மீன் இரண்டு கேமராவிலும் தோன்றிவிடும் என்பதால், ஒரு மணி நேர இறக்கத்துக்கு 400 மீட்டராவது இடைவெளி விடுகிறார்கள். ஆறு சட்டகங்களும் ஒரு படகும் இருந்தால், ஆறாவதை இறக்கி முடிப்பதற்குள் முதலாவதை எடுக்கும் நேரம் நெருங்கிவிடும். இப்படிச் சுழற்சியாக வேலை போகும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் மீன்களின் நடமாட்டம் மாறுவதால் அந்த நேரங்களைத் தவிர்ப்பது வழக்கம்.

பதிவை எடுத்த பின்புதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு மணி நேர வீடியோவில் ஒரே களவா நாற்பது முறை குறுக்கே போகலாம். தோன்றும்போதெல்லாம் எண்ணினால் நாற்பது களவா. அதனால் எண்ணுபவர்கள் 'மேக்ஸ்-என்' என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள்: ஓர் இனத்தைச் சேர்ந்த மீன்கள் ஒரே காட்சிச் சட்டத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்பதுதான் அது. 12ஆம் நிமிடத்தில் மூன்று சீலா, 27இல் ஐந்து, 50இல் நான்கு என்றால் மேக்ஸ்-என் ஐந்து. குறைந்தது ஐந்து சீலாக்கள் அங்கே இருந்தன என்று அடித்துச் சொல்லலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த அடக்கம்தான் அதன் பலம். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. மீன் குறைவாக இருக்கும் இடத்தில் மேக்ஸ்-என் உண்மைக்கு ஓரளவு நெருக்கமாக இருக்கும். மீன் ஏராளமாக இருக்கும் இடத்தில் இரையைச் சுற்றி இடம் நிரம்பிவிடுகிறது. அருகே வந்துபோன மீன் ஐம்பதாக இருந்தாலும் சட்டத்துக்குள் ஒரே நேரத்தில் தெரிவது பத்துப் பன்னிரண்டுதான். எண் ஏற வேண்டிய இடத்தில் தட்டையாகிவிடும். ஆக, காப்பகத்துக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த முறை குறைத்தே காட்டுமே தவிர மிகைப்படுத்தாது. ஆண்டுக்கு ஆண்டு கண்காணிக்கும்போது இதுவே ஆபத்தாகிறது. மீன் ஐம்பதிலிருந்து முப்பதாகச் சரிந்திருக்கும். எண் அப்போதும் பன்னிரண்டில் நின்றிருக்கும். திமிங்கலச் சுறாவைப் போல உடற்குறிகளால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண முடிகிற விலங்குகளுக்கு மட்டும், வந்துபோன தனி விலங்குகளை நேரடியாகவே எண்ணலாம்.

எண்ணிக்கையைவிட நீளம்தான் மீன்வளத்துக்குப் பல நேரங்களில் முக்கியம். ஒரு இடத்தில் பிடிப்பு அதிகமானால் முதலில் மறைவது பெரிய மீன். நீளத்தை ஒற்றைக் கேமராவால் அளக்க முடியாது, ஏனென்றால் அருகே நிற்கும் சிறிய மீனும் தொலைவில் நிற்கும் பெரிய மீனும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். இதற்காகத்தான் இரட்டைக் கேமரா. இரண்டையும் சுமார் அரை மீட்டர் முதல் 70 செ.மீ. வரை தள்ளிவைத்து, ஒவ்வொன்றையும் 5 முதல் 8 பாகை உள்நோக்கித் திருப்பி, அசையாமல் ஒரே தண்டில் இறுக்குகிறார்கள். இரு படங்களிலும் மீனின் மூக்கு நுனியையும் வால் கவட்டையையும் குறித்தால், முக்கோணக் கணக்கில் நீளம் கிடைக்கும்.

இந்தக் கணக்குக்கு இரு கேமராக்களின் இருப்பும் கோணமும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஒரு நீச்சல் குளத்தில், புள்ளிகள் பொறித்த பெட்டி வடிவச் சட்டம் ஒன்றைப் பல கோணங்களில் திருப்பிப் படமெடுத்து அளவுத்திருத்தம் செய்கிறார்கள், களத்துக்குப் போவதற்கு முன் ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை. இதைத் தரையில் செய்து பயனில்லை. தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்கு நீருக்குள் எல்லாம் கால்பங்கு அருகில் இருப்பதுபோலத் தெரியும். காற்றில் 90 பாகை பார்க்கும் லென்ஸ் நீரில் 64 பாகைதான் பார்க்கும். அளவுத்திருத்தம் முடிந்த பிறகு நீர்புகாக் கூட்டுக்குள் கேமரா ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அத்தனையும் வீண். பேட்டரி மாற்றக் கேமராவைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அது பழைய இடத்திலேயே போய் உட்கார வேண்டும். வலப்பக்கக் கேமராவை இடப்பக்கக் கூட்டில் மாட்டிவிடுவது களத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. பெயின்டால் பெரிய எழுத்தில் குறித்துவைத்தால் தவிர்க்கலாம். கேமராவின் தானியங்கி ஃபோகஸையும், படம் ஆடாமல் சரிசெய்யும் வசதியையும் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். இரண்டாவது வசதி ஒவ்வொரு சட்டத்தையும் ரகசியமாக வெட்டி நகர்த்துவதால் வடிவக் கணக்கு குலையும்.

இரு கேமராக்களின் நேரமும் ஒத்துப்போக வேண்டும். இரண்டையும் ஓடவிட்டபின் இரண்டிற்கும் தெரியும்படி ஒருமுறை கைதட்டுவது பழைய வழி; மின்னும் விளக்கும் வைக்கலாம். வினாடிக்கு 30 சட்டம் என்றால், ஒரே ஒரு சட்டம் பிசகினாலும் வினாடிக்கு ஒரு மீட்டர் நீந்தும் மீன் அதற்குள் 33 மி.மீ. நகர்ந்திருக்கும். 60 சட்டமாகப் பதிந்தால் அது 17 மி.மீ. ஆகக் குறைகிறது. இவ்வளவு சின்னப் பிழைக்கு ஏன் இத்தனை கவலை? நீளத்திலிருந்து எடையைக் கணக்கிடும்போது நீளம் ஏறக்குறைய மூன்றாம் அடுக்காகப் பெருகுகிறது. நீளத்தில் 10 விழுக்காடு கூடினால் எடையில் 33 விழுக்காடு கூடும். மொத்த மீன் எடை என்று அறிக்கையில் எழுதும்போது அந்தப் பிழை அப்படியே ஏறிக்கொள்ளும்.

தொலைவும் ஒரு வில்லன். மீன் இரு மடங்கு தள்ளிப்போனால் அதன் தொலைவைக் கணிப்பதில் வரும் பிழை நான்கு மடங்காகிறது. அதனால் ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் இருக்கும் மீனை அளவெடுக்காமல் விட்டுவிடுவதே நல்லது. கேமராவை நோக்கி நேராக வரும் மீனையும், உடல் வளைந்திருக்கும் மீனையும் அப்படித்தான். நேராக, பக்கவாட்டில் வரும் கணம் வரை பொறுக்க வேண்டும்.

இந்த எல்லைக்கோட்டால் இன்னொரு பயனும் இருக்கிறது. நீரின் தெளிவு இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் 3 மீட்டர் தெரிகிறது, இன்னோரிடத்தில் 12 மீட்டர் தெரிகிறது என்றால், கேமரா பார்க்கும் நீரின் கன அளவு இரண்டாவதில் 64 மடங்கு. தெளிந்த இடத்தில் மீன் கூடுதலாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன? கலங்கல் இடத்தில் எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதையே எல்லா இடத்துக்கும் எல்லையாக வைத்து எண்ணினால்தான் ஒப்பீடு நியாயமாகும். ஒற்றைக் கேமராவில் தொலைவே தெரியாது என்பதால் இந்தத் திருத்தத்துக்கு வழியில்லை.

ஒற்றைக் கேமராவே போதும் என்ற இடமும் உண்டு. 2015இல் தொடங்கிய குளோபல் ஃபின்பிரின்ட் என்ற திட்டம், உலகின் பவளப்பாறைகளில் சுறா இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் கேட்டது. எளிய ஒற்றைக் கேமராச் சட்டகங்களோடு 58 நாடுகளில் 371 பாறைகளில் 15,000 மணி நேரத்துக்கும் மேலான வீடியோ எடுத்தார்கள். 2020 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த முடிவு: ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாறையில் ஒரு சுறாகூடத் தென்படவில்லை. செவுள் வலையும் நீளத்தூண்டிலும் இல்லாத இடங்களில் நிலைமை மேலாக இருந்தது. 2023இல் சயன்ஸ் இதழில் வந்த அடுத்த கட்டத்தில் 391 பாறைகள், 22,756 இறக்கங்கள். பவளப்பாறைகளில் பரவலாக வாழும் ஐந்து சுறா இனங்கள் 60 முதல் 73 விழுக்காடு வரை குறைந்திருப்பதாக அது மதிப்பிட்டது.

இந்த எண்களைப் பார்ப்பவர்கள் பாறைகளின் எண்ணிக்கையை வியக்கிறார்கள். வியக்க வேண்டியது வகுத்தால் வரும் எண்: பாறைக்குச் சராசரியாக 58 இறக்கம். ஓரிடத்தில் சுறா இருக்கிறது, ஆனால் இருபது இறக்கத்தில் ஒன்றில்தான் முகம் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இறக்கத்தோடு நிறுத்தினால் அதைப் பார்க்காமலே திரும்ப 77 விழுக்காடு வாய்ப்பு. ஐம்பது இறக்கம் செய்தால் அது சுமார் 8 விழுக்காடாகக் குறைகிறது. மூன்று நான்கு முறை இறக்கிவிட்டு 'இங்கே இந்த இனம் இல்லை' என்று எழுதும் அறிக்கைகளை நம்பாமல் இருக்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

இருட்டில் வேலை வேறு மாதிரி. பல கடல் மீன்களுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. அதனால் மிரளாமல் பார்க்கச் சிவப்பு விளக்கு. ஆனால் நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடுவதால் வெளிச்சம் வெகுதூரம் போகாது. 2012இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே எடித் விட்டர் என்ற கடல் உயிரியலாளர் சிவப்பு விளக்குக் கேமராவோடு, ஒளிரும் ஜெல்லிமீனைப் போல மின்னும் போலி இரை ஒன்றை இறக்கி, ராட்சதக் கணவாயைப் படமெடுத்தார். 2022இல் இசு-ஒகசவாரா அகழியில் 8,336 மீட்டர் ஆழத்தில் ஒரு நத்தைமீன் பதிவானது. அதுவரை படமான மீன்களிலேயே மிக ஆழத்தில் இருந்தது அதுதான். அங்கேயும் அடிப்படை உத்தி இதேதான்: ஒரு சட்டகம், ஒரு கேமரா, கொஞ்சம் இரைமீன்.

கணினியே மீனை எண்ணிவிடாதா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு மணி நேரப் பதிவைப் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்து எண்ணி முடிக்கப் பல மணி நேரம் ஆகிறது. ஆகவே ஆசை இயல்பானது. மீன் இருக்கிறதா இல்லையா என்று பிரிப்பதில் கணினி நன்றாக உதவும். வெறும் நீர் ஓடும் பகுதிகளைத் தாண்டிப்போக அதுவே பெரிய உபகாரம். இனம் பிரிப்பதுதான் கடினம். ஒரு கடலின் தெளிந்த நீரில் பழக்கிய நிரலை வேறொரு கடலின் கலங்கலில் ஓட்டினால் ஆடும் பாசியையும் மீன் என்னும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரிய இனங்களுக்குப் பழக்கப் படங்களே குறைவு. நாம் தேடுவதோ பெரும்பாலும் அவற்றைத்தான். எந்த முறையில் எண்ணினாலும், மேக்ஸ்-என் எடுத்த சட்டத்தின் நேரத்தைக் குறித்துவைத்தால் இன்னொருவர் அங்கேயே போய்ச் சரிபார்க்கலாம். சந்தேகம் இருந்தால் இனப்பெயர் சொல்லாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு முதல் எதிரி கலங்கல். இராமேசுவரம், மண்டபம் பக்கத்தில் பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வாடையில் வடகடல். எந்த மாதம் எந்தக் கடல் தெளியும் என்று அங்குள்ள மீனவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அவர்களைக் கேட்டே நாளைக் குறிக்க வேண்டும். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அது மறையும் ஆழத்தைப் பார்ப்பது, ஒரு முழு நாள் இறக்கத்தை வீணாக்காமல் காக்கும். அடுத்த ஆண்டும் அதே மாதம், அதே இடம். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் இறக்க வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அனுமதி கையில் இருந்தாலும், அன்று அந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) யார் வலை விடுகிறார்கள் என்று கரையில் விசாரிக்காமல் இறக்கினால், சட்டகம் வலையில் ஏறும். வலையும் கிழியும், கேமராவும் போகும், அடுத்த முறை உதவ ஆளும் இருக்காது.

நம் கடலோர வெக்கையில் இன்னொரு தொல்லை உண்டு. ஈரக்காற்றோடு கூட்டை மூடிக் குளிர்ந்த நீரில் இறக்கினால் கண்ணாடியின் உட்புறம் வேர்த்துவிடும். பத்தாம் நிமிடத்திலிருந்து படம் முழுக்க வெண்புகை. நிழலில் மூட வேண்டும், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் வைக்க வேண்டும். கூட்டின் மூடியை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ ஒரு மணலோ இருந்தாலே நீர் புகும். விரலால் தடவிப் பார்த்து, சிலிகான் கிரீஸ் மெல்லியதாகப் பூசிய பின்பே மூட வேண்டும். மாலையில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

பிறகு கோப்புகள். வினாடிக்கு 30 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் கேமராவுக்கு மணிக்கு 13.5 ஜிபி, இரட்டைக்கு 27. ஒரு நாளில் முப்பது இறக்கம் என்றால் 810 ஜிபி. பல கேமராக்கள் ஒரு பதிவை 4 ஜிபி துண்டுகளாக வெட்டிச் சேமிக்கும், அதாவது சுமார் 18 நிமிடத்துக்கு ஒரு துண்டு. நகலெடுக்கும்போது நடுத் துண்டு ஒன்று விட்டுப்போனால் வாரக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், இடத்தின் எண்ணும் தேதியும் கேமராவின் பக்கமும் எழுதிய பலகையைக் காட்டிவிட்டு இறக்க வேண்டும். இரவே இரண்டு வன்தட்டுகளில் நகலெடுத்து, துண்டுகளை எண்ணி, இரண்டிலும் திறந்து பார்த்த பின்புதான் மெமரி கார்டை அழிக்க வேண்டும்.